கையொப்பமும் சாற்றுகவியும்: மாயூரத்து நூலாசிரியர்கள் நூல் வெளியிட்ட வகை

நூல் இயற்றிய ஒருவர் அதனைத் தாமே அச்சேற்றித் தாமே அறிவித்துத் தாமே விற்கவும் முற்படுதல், இணையம் தோன்றிய பின்னர் எழுந்த புது வழக்கு என்று பலரும் கருதுகின்றனர். பதிப்பகத்தாரை நாடாது கணினி வழியாக நூலை வெளியிட்டு, பின்னர் வாங்குவோரைத் தேடி அலையும் எழுத்தாளரின் இடர்ப்பாடு முன் எக்காலத்தும் கேட்டறியாதது போலப் பேசப்படுகின்றது. தமிழ்நூற் பதிப்பு வரலாற்றை உற்று நோக்குவார்க்கு இக்கருத்து பொருந்தாமை விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பதிப்பகம் என இன்று நாம் வழங்கும் நிறுவனம் தமிழ்நாட்டில் அரிதாகவே இருந்தது. அச்சுக்கூடத்தார் கூலிக்கு அச்சிட்டுக் கொடுத்தனர். பொருள் தேடுதலும், படிப்போரைத் தேடுதலும், விற்றலும், விலைபோகாத பிரதிகளைத் தம் வீட்டிலே அடுக்கி வைத்தலும் பெரும்பாலும் நூலுடையார் தலையிலேயே விழுந்தன. இதனை ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே நம் நோக்கம். அவ்வூர், 1982-ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை என வழங்குவதும் அதற்கு முன்னர் மாயூரம், மாயவரம் எனப் பெயர்பெற்றிருந்ததுமான காவிரிக்கரை நகரமாகும்.

மாயூரத்தை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1860-க்கும் 1876-க்கும் இடைப்பட்ட காலத்தில் மூவேறு வகைப்பட்ட நூலாசிரியர் மூவர் இவ்வூரிலும் இதன் சூழலிலும் ஒருங்கே வாழ்ந்தனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1860-இல் திரிசிரபுரத்தினின்று மாயூரத்திற்குக் குடிபெயர்ந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தோடும் மாயூரத்தோடும் தொடர்புற்றிருந்தார். வேதநாயகம் பிள்ளை இங்கு முன்சீபாக அமர்ந்திருந்தார். மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவர். ஒருவர் நூலை மற்றொருவர் போற்றியோ, போற்றத் தயங்கியோ நின்றவர். ஆயினும் தம் நூல் பிறர் கைக்குச் செல்லும் வழி மூவர்க்கும் மூன்றாக அமைந்தது. அவ்வேறுபாடே ஈண்டு நாம் கருதுவது.

அச்சுப்பொறி மாயூரத்தார்க்கு அறியாத பொருள் அன்று. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலிய டேனிய மிஷனரிமார் 1713-ஆம் ஆண்டளவிலேயே தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சிடத் தொடங்கிவிட்டனர். ஆனால் அவ்வச்சுக்கூடம் சமயப் பணிக்கு அமைந்தது. ஊர்ப்புலவர் தம் அந்தாதியையோ கலம்பகத்தையோ அங்குக் கொண்டு செல்ல இயலாது. 1835-ஆம் ஆண்டு சார்லஸ் மெட்காப் காலத்துச் சட்டம் உரிமம் பெறும் கட்டுப்பாட்டை நீக்கிய பின்னரே இந்நாட்டினர் அச்சுக்கூடம் நிறுவுதல் எளிதாயிற்று. அவ்வாறு எழுந்தவற்றுள் மிகப்பல சென்னையிலே அமைந்தன. ஆதலின், மாயூரத்தில் எழுதியவர் சென்னையில் அச்சிடல் வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. இதனால் விளைந்த செலவைக் காட்டிலும், பிழை திருத்தும் தாள்கள் போக்குவரத்தில் கழியும் காலம் பெரிது. இருப்புப்பாதை இப்பகுதியைச் சென்னையோடு இணைத்தது 1870-களின் பிற்பாதியிலே என்பதை நினைத்தால், அதற்கு முற்பட்ட நூல்களின் பின்னே நின்ற உழைப்பு ஒருவாறு புலப்படும்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையை முதற்கண் நோக்குவோம். அவர் பாடிய புராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் எண்ணற்றவை. அவை பெரும்பாலும் ஒரு தலத்தார் வேண்ட, அல்லது ஒரு செல்வர் வேண்டப் பாடப்பெற்றவை. பாடல்கள் ஏட்டில் எழுதப்படும். நல்ல நாளில் கோயிலில் அரங்கேற்றம் தொடங்கும். பல நாள் நடந்து முடியும். முடிவில் ஆசிரியர்க்குச் சால்வையும் பொருளும் வழங்கப்பெறும். இவ்வமைப்பில் நூலுக்கு விலை என ஒன்று இல்லை. பாடியவர்க்குச் சிறப்பு உண்டு. படித்தல் என்பதினும் கேட்டல் என்பதே முதன்மையானது. விற்பனை என்னும் தொல்லை இல்லாமையால் இதனை இன்பமான முறை என்று எண்ணுவாரும் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அக்காலத்துப் புலவருள் தலைசிறந்தவர் எனத் தமிழுலகம் ஒப்புக்கொண்ட இப்பெருந்தகை, திருப்பெருந்துறைப் புராணத்தைப் பாட ஒப்புக்கொண்டபோது கடன் தீரும் என்ற எதிர்பார்ப்பும் அவர்க்கு இருந்தது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் அவர் மறைந்தபொழுதும் கடன் முற்றத் தீரவில்லை. கொடையை நம்பிய புலமை, கொடுப்பவர் கை தாழும்போது தானும் தாழ்ந்தது.

குசேலோபாக்கியானத்தின் வரலாறு இதனினும் கூர்ந்து நோக்கற்பாலது. பெங்களூரிலிருந்த தம் மாணாக்கர் வல்லூர்த் தேவராச பிள்ளைக்காகப் பிள்ளையவர்கள் பாடி உதவிய அந்நூல், மாணாக்கர் பெயராலேயே வெளிப்பட்டது. இதனைப் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் விளக்கியுள்ளார். இக்காலத்தார் இதனைக் கேட்டால் திகைப்பர். ஆசிரியர் என்னும் பெயரே ஒரு சொத்து என்னும் எண்ணம் அச்சும் சட்டமும் கூடி வளர்த்தது. 1847-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் இந்தியாவில் நூலுரிமையை வகுத்திருந்தும், அச்சட்டம் மாயூரத்துத் திண்ணையிலே பாடஞ்சொல்லிய புலவரின் மனத்தில் இடம்பெறவில்லை. தம் செய்யுளைப் பிறர் பெயரால் விடுவதனை இழப்பாக அவர் கொள்ளவில்லை. ஆனால் இவ்வகையில், எது அவர் பாடியது, எது பிறர் பாடியது எனத் துணிய இயலாமற் போகும் இழப்பு நமக்கு நேர்கின்றது.

இனி, கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சாகுமுன்னரே பாட்டாய்ப் பரவியது. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே என்பவர் அதனைக் கேட்டு மகிழ்ந்து அச்சிட உதவினார். 1860-களின் தொடக்கத்தில் அது நூலாயிற்று. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட மாயூரத்துப் பாடகர் ஒருவரின் கீர்த்தனை, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட துறைமுக நகரத்து அதிகாரி ஒருவரின் துணையால் அச்சேறியமை காவிரிப் படுகையின் அரசியல் நிலைக்கு ஓர் அழகிய சான்று. அங்கு ஆட்சி எல்லை வேறு. இசை எல்லை வேறு.

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பெறப் பாரதியார் பட்ட பாட்டைச் சாமிநாதையர் கூறியுள்ளமை தமிழ் கற்றார் பலரும் அறிந்ததே. கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் உள்ளன என்பது பற்றிப் பிள்ளையவர்கள் பாயிரம் தருவதை நாள் கடத்தினார். பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒரு நாள் திண்ணையில் காத்திருந்தபோது அவர் தம் பாடலைத் தாமே உருகிப் பாட, உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் மனம் நெகிழ்ந்து பாயிரம் அளித்தார் என்பது வரலாறு. இதனை அருட்பாவின் பெருமை கூறும் நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளுதல் போதாது. கீர்த்தனை ஏற்கெனவே மக்கள் வாயில் வழங்கிற்று. அதனை விற்கப் புலவர் சான்று தேவையில்லை. எனினும் பாரதியார் வாசலிற் காத்துக் கிடந்தார். ஏனெனில், பாயிரம் இல்லாத நூல் கற்றோர் அவையில் நூலாக மாட்டாது. மக்கள் விரும்பும் நூல், கற்றோர் ஒப்பும் நூல் என்னும் இருவகைச் சந்தை அன்றே பிரிந்திருந்தது. ஓர் ஆசிரியர் இரண்டிலும் நுழைய விரும்பினால் இரண்டு வாயிலிலும் நின்றே ஆகவேண்டும். பிற்காலத்தில் நந்தனார் சரித்திரத்தை நாடெங்கும் கொண்டு சென்றவர்கள் கதாகாலட்சேபம் செய்தவர்களே. தஞ்சைக் கிருஷ்ண பாகவதர் போன்றோர் அதனைப் பாடிய இடங்களிலெல்லாம் அதன் புகழ் வளர்ந்தது. எந்த விளம்பரத்தாளும் அத்தகைய பயன் விளைத்திராது.

வேதநாயகம் பிள்ளையின் நிலை வேறு. 1826-இல் குளத்தூரில் தோன்றி, நீதிமன்றப் பணியில் படிப்படியாக உயர்ந்து, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீபாகி, பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் பணியாற்றி 1872-இல் ஓய்வு பெற்றவர் அவர். 1859-இல் நீதிநூல் வெளிவந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் அளித்தார். 1862-இல் சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் தமிழாக்கி வெளியிட்டார். 1869-இல் பெண்மதி மாலையும், 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனையும், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரமும், 1887-இல் சுகுண சுந்தரியும் வெளிவந்தன. இவற்றை வரிசையாக நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. செய்யுள் நூலுக்குப் பாயிரம் உண்டு. சட்ட நூலுக்கு வழக்கறிஞரும் நீதிமன்றத்தாரும் உண்டு. கீர்த்தனைக்குப் பாடுவார் உண்டு. உரைநடைக் கதைக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனை அரங்கேற்ற மரபில்லை. பாடிப் பரப்ப இயலாது. பள்ளியிற் பாடமாக வைத்தற்கும் அப்போது முன்மாதிரி இல்லை. தமிழில் உரைநடை நூல் இன்மையாகிய குறையை நீக்கவே அதனை எழுதியதாக ஆசிரியர் முன்னுரையிற் கூறுகின்றார். முதற்றமிழ் நாவல் என இன்று நாம் போற்றும் நூல், இவ்வாறு தனக்கென ஒரு படிப்போர் கூட்டம் உருவாகுமுன்னரே பிறந்த நூலாகும். அதன் ஆசிரியர்க்கு மாயூரம் நகரசபைத் தலைமையும், பஞ்சகாலத்தில் செய்த அறத்தால் எய்திய நற்பெயரும், முன்னை நூல்களால் வந்த அறிமுகமும் இருந்தன. இவை இல்லாத எளிய ஒருவர் அவ்வாண்டில் அவ்வகைக் கதை ஒன்றை எழுதியிருந்தால் அது நம் கைக்கு வந்திருக்குமோ என்பது ஐயத்திற்குரியது.

அந்நாவல் தோன்றிய காலம் தபால் முறை மாறிய காலமும் ஆகும். 1854-இல் கடிதத்திற்கு நாடெங்கும் ஒரே கட்டணம் ஏற்பட்டது. 1877-இல் வி. பி. தபால் முறை இந்தியாவில் வந்தது. பொருளைப் பெறுவோர் தபால்காரரிடமே விலையைச் செலுத்துவது அது. 1879-இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. 1880-இல் மணியார்டர் தபால் நிலையத்தின் கடமையாயிற்று. இந்நான்கும் சேர்ந்தபின் மாயூரத்தில் இருப்பவர் திருநெல்வேலியில் உள்ளார்க்கு நூல் விற்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. காலணா அட்டையில் எழுதிக் கேட்டால் நூல் வீட்டிற்கு வரும். ஆனால் அட்டை எழுதிக் கேட்டவர், கட்டு வந்தபொழுது வாங்காது திருப்பி அனுப்பினால் போக்குச் செலவு விற்றவரையே சாரும். வாங்குவார் தொகை பெருகியது போலவே விற்பார்க்கு நேரும் இழப்பின் வகையும் பெருகியது.

கையொப்பம் என்னும் முறை இவ்விடரை ஒருவாறு தீர்க்க எழுந்தது. நூல் அச்சாகுமுன்னரே வாங்குவதாக ஒப்பமிட்டுப் பெயர் தருதல் அதன் இயல்பு. இது நம் நாட்டிற்கே உரியதன்று. ஆங்கிலப் புலவர் அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியத்தை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக இம்முறையிலே வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். தமிழ்நாட்டில் அதனால் செல்வம் ஈட்டியவர் எவரையும் நாம் அறியோம். மாயூரத்தில் 1871-இல் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்கத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரி ஆசிரியராய் இருந்துகொண்டு 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பம் சேர்ப்பதில் பட்ட பாடு என் சரித்திரத்தில் விரிகின்றது. ஆதீனத்தார், கல்லூரி நண்பர், நீதிமன்றத்து அலுவலர், சமண அன்பர் என ஒவ்வொரு வட்டமாக அவர் நாடினார். ஆசிரியர் வாழ்ந்த திண்ணை வட்டத்தினின்று மாணவர் தபால் வட்டத்திற்கு வந்தமையை இதில் காண்கிறோம். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை 1881 முதல் வெளியிட்டுப் பொருளிழப்பு எய்தியதைத் தம் பதிப்புரைகளில் மறைக்காது கூறியுள்ளார். அவர் குறைகூறுவது அச்சுக்கூலியை மட்டும் அன்று. வாங்கிப் படிப்பார் அருமையையும் ஆகும்.

அச்சுக்கூடத்தையே தமதாக்கிக் கொள்ளுதல் மற்றொரு வழி. ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னைக்கு வந்தார். மாயூரத்திற்கு அணித்தான திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றதும் அப்பயணத்திலேயே. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தம் கருணாமிர்த சாகரத்தை 1917-இல் தமது லாலி அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார். மருந்து விற்ற பொருள் இசைநூலுக்குத் துணையாயிற்று. அ. மாதவையா முதுமையில் பெருங்குளத்தூரில் அச்சுக்கூடம் அமைத்துப் பஞ்சாமிர்தம் என்னும் இதழைத் தொடங்கி, 1925-இல் மறைந்தார். இவர்கட்கெல்லாம் நூலைத் தாங்க நூலன்றி வேறொரு வருவாய் இருந்தது. அஃதில்லாத சுப்பிரமணிய பாரதியார் 1920-இல் கடயத்தினின்று நண்பர்கட்கு விடுத்த அறிக்கை இத்துறையில் தனியே ஆராய்தற்குரியது. தம் நூல்களை நாற்பது பகுதிகளாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் பிரதியாக அச்சிட எண்ணி, நூறு ரூபாய்க்குக் குறையாமல் கடன் தருமாறு அவர் கேட்டார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் செலவாகும் என்று நம்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் கணக்கில் பிழை இல்லை. காலமே பின்தங்கி இருந்தது. அவர் பாடல்கள் பின்னர் அவ்வளவிலும் மிக்க பிரதிகளில் பரவின.

மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி இவ்வரலாற்றைத் திசைதிருப்பியவர். நூலை முதலில் விற்கும் முயற்சியை விடுத்து, இதழில் வாரந்தோறும் கதை எழுதி, கதைக்காகக் காத்திருக்கும் மக்களை உருவாக்கிய பின்னர் நூலாக்கும் முறை அவர் காலத்தில் முழுமை எய்தியது. அவர் பணியாற்றிய ஆனந்த விகடனை 1928-இல் வாங்கி வளர்த்த எஸ். எஸ். வாசன், படுகையின் தென்பாலுள்ள திருத்துறைப்பூண்டியிற் பிறந்தவர். விளம்பரத் தொழிலில் தேர்ந்தவர். 1941-இல் கல்கி இதழ் தொடங்கப்பெற்றது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை அதில் வெளிவந்தது. இதழ் உள்ளவர்க்கே இவ்வழி திறந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. இதழில் இடம்பெறாத ஆசிரியர்க்கு, 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின் நூலகக் கொள்முதல் ஒரு புகலிடமாயிற்று. அதன் நன்மையும் தீமையும் தனிக் கட்டுரைக்குரியன. ஆசிரியர்கள் தனித்து நில்லாது கூடிப் பதிப்பித்த வழியைக் கேரளம் கைக்கொண்டது. 1945-இல் கோட்டயத்தில் எழுத்தாளர் பன்னிருவர் 120 ரூபாய் முதலோடு தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், ஆசிரியர்க்கு நூற்றுக்கு முப்பது வீதம் வழங்கியது. அதற்கிணையான வெற்றி தமிழ்நாட்டில் எய்தப்படாமை வருந்தத்தக்கது.

இனி இக்காலம். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை விலையின்றி இணையத்தில் வழங்கியது. அப்பொழுது தமிழ் எழுத்துருக் குறியீடு பலவாக இருந்தமையால் ஒருவர் கணினியில் எழுதியது மற்றொருவர் கணினியில் விளங்கா வடிவாய்த் தோன்றிற்று. ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் தமிழ் மின்னூல்களையும் ஏற்கத் தொடங்கியது. தாளும் மையும் கூலியும் இன்றி நூல் வெளியாவது இயல்வதாயிற்று. வேண்டும்பொழுது வேண்டிய பிரதியை மட்டும் அச்சிடும் முறை வந்தமையால், விலைபோகாத பிரதிகளைப் பரணில் ஏற்றும் துன்பமும் குறைந்தது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆசிரியரை வருத்திய செலவுகளுள் முதற்பாதி மறைந்துவிட்டது என்பது உண்மை.

மறுபாதி மறைந்ததாகத் தெரியவில்லை. சிறப்புப்பாயிரத்தின் இடத்தை வாசகர் இடும் மதிப்புரையும் விண்மீன் குறியும் பெற்றன. பாரதியார் ஒருவர் வாசலில் காத்திருந்தார், இக்காலத்தவர் முகமறியாத பலர் வாசலில் காத்திருக்கின்றனர். கையொப்பம் முன்பதிவாயிற்று. வி. பி. கட்டைத் திருப்பியவர் வழித்தோன்றல்கள் இன்று பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் நூலைத் திருப்புகின்றனர். கொடுப்பவர் இடத்தை விற்பனைத் தளம் பெற்றுள்ளது. அது அமேசானில் விலைக்கும் திட்டத்திற்கும் ஏற்ப நூற்றுக்கு முப்பத்தைந்தோ எழுபதோ ஆசிரியர்க்கு அளிக்கின்றது. ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. மாயூரத்து ஆசிரியர் தம் நூலை வாங்கியவரைப் பெயரும் ஊரும் அறிந்திருந்தார். தளத்தில் விற்பவர்க்கு எண்ணிக்கை தெரியும், வாங்கியவர் தெரியார். அடுத்த நூலுக்குக் கையொப்பம் சேர்க்க எவரிடம் செல்வது என்பதை அவர் அறிய வழியில்லை. இதனை நாம் பேரிழப்பாகவே கருதுகிறோம்.

தாள்நூலைத் தாமே அனுப்ப முற்படுவார்க்குத் தபால் முறையும் முன்போல் துணை நிற்கவில்லை. நெடுங்காலம் வழங்கிய புக்போஸ்ட் முறை 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தப்பெற்றது. 2025-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஞான் போஸ்ட் என்னும் முறை ஏற்பட்டு, கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்கள் 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும் செல்ல வழிவகுக்கப்பட்டது. வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. அச்சு நூலுக்குச் சரக்கு வரி இல்லை. அச்சிலும் உள்ள மின்னூலுக்கு நூற்றுக்கு ஐந்து என 2018-இல் வகுக்கப்பட்டது. அச்சில் வாராது மின்வடிவில் மட்டும் உள்ள நூலுக்கோ பதினெட்டு. அச்சிட வகையற்றுக் கணினியை நாடிய எளிய ஆசிரியரின் நூலே மிகுதியான வரிக்கு உட்படுகின்றது.

மாயூரத்தைப் பற்றிய இவ்வாய்வு விரிவடைய வேண்டுமாயின் அதற்குரிய கருவி ஒன்றைச் சுட்டுதல் தகும். 1867-ஆம் ஆண்டின் இருபத்தைந்தாம் சட்டப்படி ஒவ்வொரு நூலின் படியும் ஒரு திங்களுக்குள் அரசுக்கு அளிக்கப்பெறல் வேண்டியிருந்தது. அவ்வாறு வந்தவை மூன்று திங்களுக்கு ஒருமுறை பட்டியலாக அரசிதழில் வெளியிடப்பெற்றன. நூற்பெயர், ஆசிரியர், அச்சிட்ட இடம், பக்கம், எத்தனையாம் பதிப்பு, பிரதிகளின் தொகை, விலை, உரிமையாளர் எனத் தனித்தனிக் கட்டங்கள் அப்பட்டியலில் உள்ளன. நீதிநூலும் நந்தனார் கீர்த்தனையும் அச்சட்டத்திற்கு முற்பட்டனவாதலின் அவற்றின் முதற்பதிப்புகள் அதில் அகப்படா. பெண்மதி மாலை முதலாகப் பிற்பட்டவையும், நந்தனார் சரித்திரத்தின் பிற்காலப் பதிப்புகளும் அகப்படும். அவற்றுள்ளும் உரிமையாளர் கட்டத்தில் ஆசிரியர் பெயர் எங்கு நிற்கின்றது, அச்சுக்கூடத்தார் பெயர் எங்கு வந்து புகுகின்றது என்பதை மாயூரம், கும்பகோணம், தஞ்சை ஆகிய மூன்று ஊர்த் தொடர்புடைய நூல்களுக்கேனும் ஆண்டுவாரியாகத் தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். பிள்ளையவர்களின் பிரபந்தங்களைச் சாமிநாதையர் 1910-இல் திரட்டி வெளியிட்ட பதிப்பையும் அதனோடு ஒப்பிட்டு, ஆசிரியர் வாழ்நாளில் அச்சேறியவை எவை, அவர் மறைவுக்குப்பின் மாணவர் முயற்சியால் அச்சேறியவை எவை என்பதையும் பிரித்தறிதல் வேண்டும்.